பழைய பத்திரங்களைத் தெளிவாக்கும்போது புள்ளிகள் பத்திரம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் குடும்பத்தின் முக்கியமான காகிதங்கள் எல்லாம் அநேகமாக ஒரே பையிலோ தகரப் பெட்டியிலோதான் கிடக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பிரஜாவுரிமைச் சான்றிதழ், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காகிதங்கள், தோட்டத்துச் சம்பளத் துண்டுகள். மழைக்கால ஈரமும் அடுப்புப் புகையும் சேர்ந்து தாள் பழுப்பேறிப் போயிருக்கும். பேனா மை வெளுத்திருக்கும். 1948-இல் குடியுரிமை பறிபோனதிலிருந்து அதைத் திரும்ப வழங்கிய 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வரை அலைக்கழிந்த மக்களுக்கு, ஒரு காகிதத்தின் பெறுமதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட காகிதங்களை ஸ்கேன் செய்து, வாசிக்கக்கூடியதாக ஆக்கித் தருவது என் தொழில். பைத்தன் மொழியில் எழுதிய சிறு நிரல்கள்தான் கருவி. இப்போது கொம்யூனிகேஷன் கடைகளிலும், ஐ.டி. படிக்கும் பிள்ளைகளிடமும் இதே வேலை நிறையப் போகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் போனில் ‘தெளிவாக்கு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு, வந்ததை அப்படியே பிரின்ட் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

முதலில் நல்ல பக்கம். ஒரு வண்ணப் படத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குகள் உண்டு. நீல மை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். அதனால் சிவப்பு அடுக்கை மட்டும் பிரித்துப் பார்த்தால் வெளுத்துப்போன எழுத்துகூடக் கறுப்பாக எழுந்து நிற்கும். புகையேறிய பழுப்புக் கறையோ அதே அடுக்கில் வெளிறிப் போய்விடும். ஒரே ஒரு வரி நிரலில் இரட்டை லாபம். கவனிக்க வேண்டியது, பைத்தனில் படங்களைக் கையாள உதவும் பில்லோ என்ற நிரல் நூலகம் அடுக்குகளைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் தரும். ஓப்பன்சிவி என்ற இன்னொரு நூலகம் அதைத் தலைகீழாகத் தரும். இது தெரியாமல் முதல் அடுக்கை எடுத்தால் நீல அடுக்கு கைக்கு வரும். மை மறைந்து, கறை மட்டும் அப்பிக்கொண்டு நிற்கும்.

சரி, இதே சிவப்பு அடுக்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சிவப்பு மையில் குத்திய முத்திரை அதில் காணாமல் போய்விடும். எழுத்து அழகாகத் தெரிகிறது என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தால், முத்திரை இல்லாத பத்திரம்தான் மிச்சம்.

அடுத்தது கறுப்பு வெள்ளையாக்குவது. 1979-இல் நொபுயுகி ஓட்சு வெளியிட்ட முறை, படம் முழுவதற்கும் ஒரே வெளிச்ச எல்லை வைத்து ‘இது மை, இது தாள்’ என்று பிரிக்கும். ஜன்னலோரம் வைத்துப் போனில் எடுத்த படத்தில் ஒரு பக்கம் நிழல் விழுந்திருந்தால், அந்தப் பக்கம் முழுவதும் கறுப்பாகிவிடும். அதற்குப் பகுதி பகுதியாக எல்லை பார்க்கும் முறைதான் சரி. அந்த முறையில் ஈரப்பூஞ்சைப் புள்ளிகளும் கூடவே எழும்பும். உடனே ‘சத்தம்’, அதாவது இப்படிப்பட்ட வேண்டாத புள்ளிகளை, நீக்க மீடியன் வடிகட்டியைப் போடுவார்கள். சுற்றியுள்ள பகுதியின் நடு மதிப்பை வைத்துச் சிறு புள்ளிகளை மறைப்பது அது.

இந்த இடத்தில்தான் தமிழ் மாட்டிக்கொள்கிறது. வடிகட்டிக்குப் பூஞ்சைப் புள்ளி எது, மெய்யெழுத்தின் புள்ளி எது என்று தெரியாது. சிறிதாக, தனியாக இருப்பதெல்லாம் அதற்கு அழுக்கு. சிறிய எழுத்தில் இருக்கும் ‘முத்தம்மாள்’ அதற்குள் போய் ‘முததமமாள’ என்று வெளியே வரும். ஆங்கில எழுத்துகளை மனதில் வைத்து இணையத்தில் எழுதிய பாடங்களில் இந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. எங்கள் ஆட்களின் பெயர்கள் ஏற்கெனவே பதிவேட்டில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி என்று கிடக்கின்றன. அதற்கு மேல் நாமும் ஒரு பிழையைச் சேர்க்கக் கூடாது. 300 டி.பி.ஐ.க்கு (ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகளுக்கு) குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள், வடிகட்டியின் அளவை ஆகச் சிறியதாக வையுங்கள், பெயர் இருக்கும் வரியைப் பெரிதாக்கி மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

அப்புறம், சேமிக்கும் விதம். இமேஜ்மேஜிக் என்ற படத்திருத்தக் கருவியில் ‘மொக்ரிஃபை’ என்ற கட்டளை சாதாரணமாகக் கொடுத்தால் மூலப் பைலின் மேலேயே எழுதிவிடும். ஒரு போல்டர் நிறையப் படங்கள் இருந்தால் அத்தனையும் போச்சு. பில்லோ, நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஜேபெக் படத்தைத் தரம் 75-இல் சேமிக்கும். திறந்து திறந்து சேமித்தால் எழுத்தோரங்கள் கலங்கும். மூலத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் வைத்து, நிரல் எப்போதும் வேறு போல்டரில் எழுதும்படி செய்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, இல்லாததை வரைந்து தரும் கருவிகள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கலான இலக்கத்தைப் பார்த்து, அது இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து, கூர்மையாக ஒன்றை எழுதிவிடுகின்றன. 2013 ஆகஸ்டில் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர், செயற்கை நுண்ணறிவு இல்லாமலேயே ஜெராக்ஸ் ஸ்கேனர்கள் இலக்கங்களை மாற்றுவதை வெளிப்படுத்தினார். ஒரு வீட்டு வரைபடத்தில் 21.11, 17.42 என்று இருந்த அறை அளவுகள் 14.13 என்று வந்திருந்தன. ஒரேமாதிரி தெரியும் துண்டுகளை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வைத்து இடத்தை மிச்சம் பிடிக்கும் ஜேபிக்2 சுருக்கமுறைதான் காரணம். மங்கலாக வந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். தெளிவாக வந்ததால்தான் எவரும் கவனிக்கவில்லை. நாம் எழுதிய நிரலில் எந்த வரி என்ன செய்தது என்று காட்ட முடியும். போனில் இருக்கும் ‘தெளிவாக்கு’ பொத்தானிடம் கேட்க முடியாது.

ஆகவே தெளிவாக்கிய படம் வாசிப்பதற்கு மட்டும், ஒப்படைப்பதற்கு அல்ல. பதிவு இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். இரண்டையும் தனித்தாளில் எழுதி, பதிவுத் திகதியோடு கொடுத்தனுப்புங்கள். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஊகித்த ஒரே இலக்கத்தை விட, சந்தேகமான இரண்டு இலக்கங்கள் அங்கே பதிவேட்டைப் புரட்டுகிறவருக்கு உதவும்.