சூடான மேஷில் மீட்டரை விடாதீர்கள்

பிஎச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம். அதை அளக்கும் பிஎச் மீட்டர்களைச் சரிபார்த்துத் தருவது என் வேலை. வீட்டில் பியர் தயாரிக்கும் ஒருவர் தன் மீட்டரைக் கொண்டுவந்து, "இது தப்பாகக் காட்டுகிறது, பியர் ஒவ்வொரு தடவையும் துவர்க்கிறது" என்றார். சோதித்துப் பார்த்தேன், மீட்டரில் ஒரு குறையும் இல்லை. எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. 66 டிகிரி செல்சியஸில் இருக்கும் மேஷுக்குள்ளேயே, அதாவது மால்ட் எனும் முளைகட்டி உலர்த்திய தானியத்தைச் சுடுநீரில் கலந்த கலவைக்குள்ளேயே, மீட்டரின் அளக்கும் நுனியான மின்முனையை விட்டிருக்கிறார். 5.1 என்று காட்டியிருக்கிறது. குறைவாக இருக்கிறதே என்று பயந்து சமையல் சோடாவைப் போட்டு 5.4க்கு ஏற்றியிருக்கிறார்.

அதே மேஷை ஆறவைத்து அளந்திருந்தால் முதலிலேயே கிட்டத்தட்ட 5.4 இருந்திருக்கும். சோடா போட்ட பிறகு அது 5.7 ஆகிவிட்டது. பியர் துவர்த்தது அதனால்தான்.

"என் மீட்டரில் தானாகவே வெப்பநிலையைத் திருத்தும் வசதி இருக்கிறதே" என்று பலரும் கேட்கிறார்கள். இருக்கிறதுதான். ஆனால் அது திருத்துவது மின்முனையின் கணக்கை மட்டும். ஒரு பிஎச் அளவுக்கு மின்முனை தரும் மின்னழுத்தம் 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட், 66 டிகிரியில் சுமார் 67. இந்த வித்தியாசத்தை மீட்டர் பார்த்துக்கொள்ளும். சூட்டில் மேஷே கொஞ்சம் கூடுதல் அமிலமாகிறது என்பது வேறு விஷயம். அங்கே பிஎச் உண்மையிலேயே 0.2 முதல் 0.35 வரை குறைகிறது. அதை எந்த மீட்டரும் ஈடுகட்டாது. நாம் குறிவைக்கும் 5.2 முதல் 5.6 என்பதோ பொதுவாக அறை வெப்பநிலையில் அளந்த எண். 0.3 சின்ன வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள், ஹைட்ரஜன் அயனிகளின் கணக்கில் அது இரண்டு மடங்கு.

அதனால் மால்ட்டைக் கலந்து 10, 15 நிமிடம் கழித்து, நன்றாகக் கிளறி, மேஷின் நீரை மட்டும் கொஞ்சம் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எடுங்கள். கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் சீக்கிரமே 25 டிகிரிக்கு வந்துவிடும். அப்புறம் அளங்கள். மின்முனையின் ஆயுளுக்கும் இதுதான் நல்லது, சூடு அதன் கண்ணாடியைச் சீக்கிரம் கெடுத்துவிடும். பியர் தயாரான பிறகு அளப்பதாக இருந்தால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கிளறி வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் எண் குறைவாக வரும்.

பிஎச் என்ற அளவையே 1909இல் உருவாக்கியவர் சோரன்சென். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இந்த அளவு பியர்க்காரர்களின் சொந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

பியர் தயாரிக்கும் ஒவ்வொரு நாளும் கேலிபரேஷன் செய்யுங்கள், அதாவது பஃபர் எனும் பிஎச் தெரிந்த கரைசல்களில் விட்டு மீட்டரைச் சரிசெய்யுங்கள். 7.00, 4.01 ஆகிய இரண்டு பஃபர்கள் போதும், மேஷும் பியரும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும். தேவையான அளவு மட்டும் ஊற்றிப் பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிடுங்கள், பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றவே கூடாது. மின்முனை தரும் மின்னழுத்தம் தரவேண்டிய அளவில் எத்தனை சதவீதம் என்பதைச் சாய்வுச் சதவீதம் என்பார்கள், மீட்டர் அதைக் காட்டினால் கவனியுங்கள். 95க்கு மேல் இருந்தால் சரி. சுத்தம் செய்த பிறகும் 90க்குக் கீழே நின்றால் மின்முனையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

என்னிடம் வரும் மின்முனைகளில் நிறைய கெட்டுப்போவது அளக்கும்போது அல்ல, அலமாரியில். சுத்தமாக இருக்கட்டும் என்று காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு வைக்கிறார்கள். அந்த நீர் உள்ளே இருக்கும் உப்பை மெல்ல மெல்ல இழுத்துவிடும். கழுவ மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். கழுவிய பிறகு அழுத்தித் துடைக்காமல் மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுங்கள். மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசல் எப்போதும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே காய்ந்துவிட்டதா? உடனே தூக்கி எறியாதீர்கள். ஓர் இரவு முழுக்க அதே கரைசலில் ஊறவிட்டு, காலையில் இரண்டு பஃபர்களிலும் பாருங்கள். ஒரு நிமிடம் ஆகியும் எண் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால், மால்ட்டின் புரதம் படிந்திருக்கலாம். புரதத்தைக் கரைக்கும் பெப்சின் என்ற நொதி கலந்த சுத்திகரிப்புக் கரைசலில் ஒரு தடவை ஊறவைத்துப் பார்த்துவிட்டு, அதற்கும் சரியாகாவிட்டால் புதிய மின்முனை வாங்குங்கள்.