நோயுற்ற ஊர்வனப் பிராணிக்கு விடைகொடுக்கும் முன்

ஆமை, ஓந்தி, பாம்பு போன்ற பிராணிகளை வளர்ப்பவர்கள், "இனி இதைக் காப்பாற்ற முடியுமா, டாக்டர்?" என்று கேட்கும் நிலைக்கு வரும்போது, நோய் பெரும்பாலும் முற்றிய கட்டத்தை எட்டியிருக்கிறது. இதற்கு வளர்ப்பவரின் அலட்சியம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சோர்வை வெளிக்காட்டினால் வேட்டை விலங்குக்கு இரையாக நேரும் என்பதால், நோயை மறைத்துக்கொள்வது இப்பிராணிகளின் இயல்பு. அதோடு, அவற்றின் உடல் இயக்கமே மெதுவானது. நாயையோ பூனையையோ சில நாட்களில் படுக்கையில் தள்ளிவிடும் நோய், ஓர் ஆமையின் உடலில் மாதக்கணக்கில் சத்தமின்றி நீடிக்கக்கூடும்.

கடைசி முடிவை, அதாவது கருணை மரணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்தப் பிராணி இருக்கும் தொட்டியின் வெப்பநிலையைப் பாருங்கள் என்பதே நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது. போதிய வெப்பம் கிடைக்காத ஊர்வனவற்றுக்குச் செரிமானம் நடக்காது, நோய் எதிர்ப்பாற்றல் குன்றும், கொடுத்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. சாகும் தறுவாயில் இருப்பதாகக் கொண்டுவரப்பட்ட பிராணி, உரிய வெப்பமும் நீர்ச்சத்தும் கிடைத்ததும் கண் திறந்து தலையைத் தூக்குவது உண்டு. வாய்ப்புண், நுரையீரல் தொற்று, முட்டையிட முடியாமல் போகும் முட்டை அடைப்பு, ஆரம்ப நிலையிலுள்ள கால்சியம் குறைபாடு ஆகியவை உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் தேறக்கூடியவை. முற்றிய சிறுநீரகச் செயலிழப்பு, மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் யூரிக் அமிலம் படியும் கவுட், உடலெங்கும் பரவிய புற்றுநோய், போவா பாம்புகளைத் தாக்கும் இன்க்ளூஷன் பாடி நோய் என்ற வைரஸ் நோய் ஆகியவற்றின் நிலைமை வேறு. அங்கே சிகிச்சை, துன்பத்தின் காலத்தை நீட்டிப்பதாக முடிந்துவிடலாம்.

பிராணி துன்பப்படுகிறதா என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது முனகுவதில்லை, நம்மிடம் வந்து ஒண்டுவதுமில்லை. உண்ணாமல் இருப்பதை மட்டும் வைத்தும் முடிவுகட்டக் கூடாது. ஆரோக்கியமான பால் பைத்தான் (Ball python) என்ற மலைப்பாம்பு சில மாதங்கள்கூட இரையைத் தொடாமல் இருக்கும். ஆனால் உண்ணாமையோடு எடையும் தொடர்ந்து குறைந்தால் அதை அசட்டை செய்யக் கூடாது. கிராம் அளவில் காட்டும் சிறிய மின்னணுத் தராசும் ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும். இகுவானா என்ற பெரிய ஓந்தி வகையில் வயதான ஒன்றை வளர்த்த அம்மையார் அப்படியொரு குறிப்பேட்டுடன் வந்திருந்தார். வாரந்தோறும் எழுதிய எடைக்குப் பக்கத்தில், "இன்று விளக்கடிக் கிளைக்குத் தானாக ஏறினான்", "ஏறவில்லை, தூக்கிவைத்தேன்" என்று குறித்திருந்தார். இடுப்பெலும்புக்கு முன்னால் விரலை வைத்தால் வீங்கிய சிறுநீரகங்கள் கைக்குத் தட்டுப்பட்டன. பின்னங்கால் விரல்கள் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தன. இரத்தப் பரிசோதனை எதைச் சொல்லப்போகிறது என்பதை அந்த ஏட்டின் கடைசிப் பக்கங்களே சொல்லிவிட்டன. தானாக வெயில் காய வருகிறதா, மல்லாத்தினால் புரண்டு எழுகிறதா, நாக்கை நீட்டிச் சுற்றுப்புறத்தை அறிகிறதா, உடலைத் தரையிலிருந்து தூக்கி நடக்கிறதா என்று அந்தந்த இனத்துக்குரிய செயல்களைக் கவனித்து எழுதி வாருங்கள். இவை ஒவ்வொன்றாக நின்று, நல்ல நாட்களைவிடத் துன்பமான நாட்கள் கூடிவிட்டால், விடைகொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஊர்வனவற்றுக்கு வலி தெரியாது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது தவறு. வலியை உணரும் நரம்பமைப்பு அவற்றுக்கும் உண்டு. மார்ஃபின் போன்ற வலிநிவாரணிகள் சில இனங்களில் பலனளிப்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

அடுத்துச் சொல்லப்போவதை ஒருவர் மனத்தில் கொண்டாலும் இக்கட்டுரை எழுதியதற்குப் பயன் கிடைத்ததாகக் கருதுவேன். நோயுற்ற பிராணியை ஃப்ரீசரில் வைத்தால் அது தூங்குவதுபோல் அமைதியாக இறந்துவிடும் என்று நம்பி, நல்ல மனம் படைத்தவர்களே அப்படிச் செய்கிறார்கள். குளிரில் அது அசையாமல் போவது உண்மைதான். ஆனால் அசைவு நின்றதால் உணர்வும் நின்றுவிட்டது என்று பொருளல்ல. உடல் திசுக்களில் பனிப்படிகங்கள் உருவாகும்போது அது வலியை உணரக்கூடும். கருணை மரணம் குறித்து அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இம்முறையை ஏற்கவில்லை. 4 கிராமுக்கும் குறைவான எடையுள்ள மிகச் சிறிய உயிர்களைத் திரவ நைட்ரஜனில் நொடியில் உறையச் செய்வது அதில் ஒரு விதிவிலக்கு. அது வீட்டில் செய்யக்கூடியதன்று. தலையைத் துண்டிப்பதும் அவ்வாறே. பிராணவாயு குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும் மூளை என்பதால், துண்டித்த பிறகும் சிறிது நேரம் உணர்வு எஞ்சியிருக்கலாம்.

மருத்துவமனையில் கருணை மரணம் பொதுவாக இரண்டு கட்டங்களாக நடைபெறும். முதலில் மயக்க மருந்து கொடுத்து, பிராணி முற்றிலும் உணர்விழந்துவிட்டதை உறுதிசெய்துகொள்வோம்; அதன் பிறகே பென்டோபார்பிட்டால் போன்ற மருந்தை ஊசி வழியாகச் செலுத்துவோம். ஆமைகள் நெடுநேரம் மூச்சை அடக்கக்கூடியவை என்பதால், மயக்க வாயுவை மட்டும் நம்புவதில்லை. உடல் குளிர்ந்திருந்தால் மருந்து மெதுவாகத்தான் பரவும். ஆகவே மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வழியிலும் கதகதப்பாக வைத்திருங்கள். மூளையின் செயல்பாடு நின்ற பின்னும் இதயம் நெடுநேரம் துடிக்கக்கூடும், வால் அசையக்கூடும். பிராணி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இவை அடையாளமல்ல. முன்கூட்டியே சொல்லாவிட்டால் அருகில் இருப்பவர்களின் மனம் பதறிவிடும் என்பதால், இதைத் தொடக்கத்திலேயே விளக்கிவிடுமாறு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இதயத்துடிப்பு நின்றதை டாப்ளர் கருவியால் உறுதிப்படுத்தாமல் உடலை எடுத்துச்செல்ல வேண்டாம். மயக்கத்துக்குப் பின் மூளையை நேரடியாகச் செயலிழக்கச் செய்யும் மூன்றாவது படியையும் சில மருத்துவர்கள் மேற்கொள்வார்கள். கடைசிவரை உடன் இருக்க விரும்புகிறவர்கள் அந்தக் கட்டத்தில் மட்டும் வெளியே காத்திருப்பது நல்லது.

ஒரு பிராணி வீட்டிலேயே அசைவற்றுக் கிடந்தால், உடனே புதைத்துவிடாதீர்கள். குளிர்ந்த உடலையும் இறந்த உடலையும் பார்வையால் மட்டும் பிரித்தறிவது கடினம். கதகதப்பூட்டி, மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

"ஒரு பல்லிக்காகவா இவ்வளவு அழுகை?" என்ற கேள்வி அப்போது வளர்த்தவர்களின் காதில் விழ நேரிடும். லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வகை 15 ஆண்டுகளுக்கு மேலும், ஆமைகள் அரை நூற்றாண்டைக் கடந்தும் வாழக்கூடியவை. பள்ளி நாட்களில் கைக்கு வந்து, பிள்ளை பெற்ற பின்னும் கூடவே இருந்த ஓர் உயிருக்காக அழுபவர் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளிடம் "தூங்கிவிட்டது" என்று சொல்லாமல், "இறந்துவிட்டது, இனி அதற்கு வலிக்காது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தூங்குவதற்கே அஞ்சும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

உடலில் தங்கியிருக்கும் மருந்து, அதைத் தோண்டித் தின்னும் விலங்குகளையும் கொன்றுவிடும். எனவே எரியூட்டுவது அல்லது மிக ஆழமாகப் புதைப்பதே சரி. இறந்த உடலிலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். வீட்டில் வேறு ஊர்வன இருந்தால் பிரேதப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கெக்கோக்களைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணி, வழக்கமான கிருமிநாசினிகளுக்கு எளிதில் சாகாது. இறப்பின் காரணம் தெரியும்வரை அந்தத் தொட்டியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் மற்றொரு பிராணிக்குப் பயன்படுத்த வேண்டாம்.