ரெட் அலர்ட்: மேட்டில் நின்று கூவிய சொல்

"நாளைக்கு ரெட்டாமே?"

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்கிறவருக்கு மழையைப் பற்றியும் கவலை இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அவர் தெரிந்துகொள்ளப் பார்ப்பது நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதைத்தான். எங்கள் வீட்டில் ஆறாவது படிக்கிற அண்ணன் மகனுக்கு ரெட் அலர்ட் என்றால் லீவு, ஆரஞ்சு என்றால் பாதி நம்பிக்கை, மஞ்சள் என்றால் வீட்டுப்பாடத்தை எழுதித் தொலைக்க வேண்டியதுதான். அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. பெரியவர்களான நாமும் அந்தச் சொல்லை அப்படித்தான் புழங்குகிறோம். சரி, இந்த 'அலர்ட்' எங்கிருந்து வந்தது, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கொஞ்சம் பார்க்கலாம்.

'அலர்ட்' ஆங்கிலத்துக்கே வந்தேறிய சொல். பிரெஞ்சு வழியாக வந்தாலும் ஊர் இத்தாலி. 'ஆல் எர்த்தா' என்பது அங்கே படைவீரர்கள் போட்ட கூச்சல். 'எர்த்தா' என்றால் செங்குத்தான ஏற்றம், மேடு. ஆக 'மேட்டுக்குப் போ, அங்கிருந்து பார்' என்பதுதான் அந்தச் சொல்லின் அடி. எதிரி வருகிறானா என்று பார்க்க உயரத்தில் ஒருவன் நிற்பான், அவனை நோக்கியும் அவனிடமிருந்தும் போன குரல் அது. கூடப் பிறந்த சொல் ஒன்றும் உண்டு, நம் தலைமாட்டில் காலை ஐந்து மணிக்கு அடிக்கிற 'அலாரம்'. அதுவும் இத்தாலியக் கூச்சல்தான்: 'ஆல் ஆர்மே', ஆயுதத்தை எடு! முதலில் மேட்டில் நின்று பார்ப்பது, அப்புறம் ஆயுதத்தை எடுப்பது. இரண்டுக்கும் தனித்தனிக் கூச்சல் வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள், பின்னால் இது தேவைப்படும்.

நிறம் எப்படிச் சேர்ந்தது என்றால், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் விமானத் தாக்குதல் வருவதை மஞ்சள், ஊதா, சிவப்பு என்று படிப்படியாக அறிவித்தார்கள். சிவப்பு வந்தால் சங்கு ஊதும், மக்கள் பதுங்கு குழிக்கு ஓட வேண்டும். அந்த மாதிரி நிறப் பழக்கம் பிறகு ஆஸ்பத்திரி, தீயணைப்பு, வானிலை என்று எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு முன்பே வேறொரு மொழி உண்டு, துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு. நாகப்பட்டினத்துக்காரரிடம் "பத்தாம் நம்பர் கூண்டு" என்றால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டாம். நமக்குத் துறைமுகமும் இல்லை, கூண்டும் இல்லை. அதனால் சேலத்துக்கு நேரடியாக நிறம்தான் வந்து சேர்ந்தது.

இப்போது முக்கியமான இடம். இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு நிறம் வைத்திருக்கிறது. பச்சைக்கு எதுவும் செய்ய வேண்டாம். மஞ்சளுக்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயர் 'வாட்ச்', நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சுக்குத்தான் 'அலர்ட்', தயாராக இரு. சிவப்புக்கு 'வார்னிங்', செயலில் இறங்கு. பார்த்தீர்களா? அந்த வரிசைப்படி 'அலர்ட்' என்ற சொல் ஆரஞ்சுக்குச் சொந்தம், சிவப்புக்கு இல்லை. 'ரெட் அலர்ட்' என்று நாம் எல்லோரும் சொல்வது, செய்தியில் வாசிப்பது உட்பட, இரண்டு படியை ஒன்றாகப் போட்டுக் கலக்கிய சொல். மேட்டில் நின்று பார்க்கிற நேரம் வேறு, ஆயுதத்தை எடுக்கிற நேரம் வேறு. சிவப்பு வந்த பிறகு "உஷாரா இருங்க" என்று சொன்னால், அது ஆரஞ்சிலேயே முடித்திருக்க வேண்டிய வேலை.

நிறத்தைச் சும்மா மழை அளவை மட்டும் பார்த்தும் வைப்பதில்லை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் கனமழை, அதற்கு மேல் 204.4 வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை என்பது அளவுக் கணக்கு. நிறம் என்பது அந்த மழை வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் அந்த இடத்தை என்ன பாடு படுத்தும் என்ற இரண்டையும் சேர்த்துப் போடுகிற கணக்கு. ஒரே 12 சென்டிமீட்டர் மழை ஆத்தூர்ப் பக்கத்து வயலில் பெய்வதும் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பெய்வதும் ஒன்றாகுமா? (இந்தக் 'கொண்டை ஊசி வளைவு' என்ற மொழிபெயர்ப்பை யார் செய்தாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. நடத்துநர் முதல் நாளிதழ் வரை எல்லோரும் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். அலர்ட்டுக்கு அப்படி ஓர் அதிர்ஷ்டம் இன்னும் வாய்க்கவில்லை.)

அப்புறம் இந்த லீவு விஷயம். வானிலை மையம் நிறத்தைச் சொல்லும், பள்ளியை மூடாது. மூடுவது மாவட்ட ஆட்சியரின் முடிவு. சிவப்பு அறிவித்த நாளில் லீவு விடாத மாவட்டமும் இருக்கும், ஆரஞ்சுக்கே விட்ட மாவட்டமும் இருக்கும், ஏனென்றால் ஆட்சியர் பார்ப்பது வேறு: பேருந்து ஓடுமா, தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறுமா, பள்ளிக் கட்டடம் தாங்குமா, முகாமுக்கு அந்தப் பள்ளியே தேவைப்படுமா. இதனால்தான் 'ரெட்' என்பதும் 'விடுமுறை' என்பதும் ஒரு பொருள் இல்லை.

புயல் என்ற சொல்லையும் ஒரு நிமிடம் தொட்டுவிட்டுப் போகலாம். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் 'புயல் என்னும் வாரி' குன்றினால் உழவர் ஏர் உழ மாட்டார்கள் என்று வரும். அங்கே புயல் என்றால் சுழல்காற்று இல்லை, மழை. பழைய தமிழில் மேகத்துக்கும் மழைக்கும் அதுதான் பெயர். காற்றோடு சேர்த்துப் பேசுவது பின்னால் வந்த வழக்கம். சேலத்துக்கு மட்டும் அந்தப் பழைய பொருள்தான் இன்றைக்கும் சரி. கடற்கரையில் கூரையைப் பிய்த்துவிட்டு உள்ளே வருவதற்குள் புயல் காற்றை இழந்து வெறும் தாழ்வு மண்டலமாகிவிடும், நமக்கு வந்து சேர்வது அது சுமந்துவந்த தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் அப்படித்தான் வந்தது. கரையைக் கடந்தாச்சு, இனி நமக்கென்ன என்று இருந்தவர்கள் நிறையப் பேர். அடுத்த இரண்டு நாளில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது.

மலைமேல் எங்கள் அத்தை இருக்கிறார், காபித் தோட்ட வேலை. டிசம்பர் என்றால் பழம் பறிக்கிற சமயம். மழை கொட்டினால் பழுத்தது உதிரும், களத்தில் காய்கிறதை அள்ளிக் கட்டாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அந்த வாரம் போன் போட்டு "அத்தை, ரெட் அலர்ட் போட்டிருக்காங்க" என்றேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு, நேத்தே களத்தை வாரியாச்சு, ரெண்டு நாளைக்கு அரிசியும் மெழுகுவத்தியும் வாங்கிவெச்சாச்சு, சில்வர் ஓக் மரம் கம்பி மேல விழுந்தா கரண்டு எப்ப வருமோ" என்றார். அலர்ட் என்ற சொல் தெரியாமலே அதன் முழுப்பொருளையும் செய்து முடித்திருந்தார். சொல்லைத் தெரிந்த நான் கீழே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

டவுனிலும் இப்படி ஆள் ஆளுக்கு ஒரு சிவப்பு உண்டு. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் குழித்தறி வைத்திருப்பவர்களுக்குத் தறிக்குழியில் ஊற்று எடுத்தால் அதுதான் சிவப்பு. காலை உள்ளே விட்டு மிதிக்கிற குழியில் தண்ணீர் நின்றால் நெசவு நின்றது, பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலில், ஈரம் ஏறினால் பட்டு போனது. வெளியே பாவடியில் பாவு விரிப்பதையும் வெயில் வரும்வரை மறந்துவிட வேண்டியதுதான். சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஆலைக்காரர்களுக்குக் கணக்கு இன்னும் முன்னாடியே தொடங்கும். குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து மாவு எடுத்துவிட்டால் அதைக் களத்தில் காயவைத்தாக வேண்டும். வெயில் இல்லை என்றால் மாவு புளித்துவிடும். அதனால் மஞ்சளிலேயே அரவையை நிறுத்துகிற முதலாளிதான் பிழைத்தவர். மூடலாமா வேண்டாமா என்ற முடிவு ஆட்சியர் அலுவலகத்தில் மட்டும் நடப்பதாக நினைக்கிறோம், நிஜத்தில் அது நூறு வாசலில் நடக்கிறது. சேர்வராயன் மலைத் தண்ணீர் கன்னங்குறிச்சிக்கு இறங்கி மூக்கனேரிக்கு வரும். திருமணிமுத்தாறும் அந்த மலையில் பிறந்து டவுனுக்கு நடுவே போகிறது. ஆற்றோரம் குடியிருப்பவர் தன் தலைக்குமேல் பெய்கிற மழையைவிட மலைமேல் பெய்வதைத்தான் பார்த்தாக வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். 'எச்சரிக்கை' என்பது நமக்குத் தெரிந்த சொல், வானிலை அறிக்கையிலும் 'சிவப்பு எச்சரிக்கை' என்று வருகிறது. கன்னடத்தில் 'எச்சர' என்றால் விழிப்பு, தூக்கம் தெளிந்த நிலை. தெலுங்கில் 'ஹெச்சரிக'. வீட்டில் ஒன்றும் தெருவில் ஒன்றுமாகத் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைந்த சேலத்தில் இதைப் பிறமொழி என்று யாரும் ஒதுக்கிவைக்கப் போவதில்லை. இதில் எனக்குப் பிடித்தது, இதுவும் ஒரு கூச்சலாக இருந்தது என்பது. அரசர் சபைக்கு வரும்போது கட்டியங்காரன் 'எச்சரிக்கை!' என்று கூவுவான். இத்தாலிக்காரனின் மேட்டுக் கூச்சலும் நம் கட்டியக் கூச்சலும் எங்கோ தனித்தனியே பிறந்து, ஒரே வேலையைச் செய்து, கடைசியில் ஒரே வானிலை அறிக்கையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

கட்டியங்காரனிடம் இன்னொரு சொல்லும் உண்டு, 'பராக்கு'. நாடகத்தில் "ராஜாதி ராஜ... பராக் பராக்" என்று வருமே, அதற்குக் 'கவனம்' என்று பொருள். அதே சொல் வீட்டில் நேர்மாறு: "பராக்கு பார்க்காம நட" என்று அம்மா திட்டினால், கவனம் இல்லாமல் வேடிக்கை பார்க்கிறாய் என்று பொருள். சிவப்பு அறிவித்த அன்று ஏரி நிரம்புகிறதா என்று பைக்கில் போய்ச் செல்பி எடுக்கிற கூட்டம் இரண்டு பொருளையும் ஒரே நேரத்தில் செய்துகாட்டுகிறது.

'உஷார்' பாரசீகத்திலிருந்து வந்தது, 'ஹோஷ்' என்றால் புத்தி, நினைவு. பேச்சில் 'அலர்ட்டா இரு' என்பதற்குச் சரியான ஆள் இவர்தான். ஆனால் அரசாங்க அறிக்கையில் 'ஆரஞ்சு உஷார்' என்று போட்டால் சிரித்துவிடுவார்கள், வேண்டாம். 'அணியம்' என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்வது அழகுதான், ஆனால் புயல் நாளில் ஒரு சொல்லுக்கு அகராதி தேடவைக்கக் கூடாது.

என் கட்சி இது: மஞ்சளுக்குக் 'கவனிப்பு', ஆரஞ்சுக்கு 'ஆயத்தம்', சிவப்புக்கு 'எச்சரிக்கை'. மூன்றுக்கும் எச்சரிக்கை என்றே வால் ஒட்டுவதால்தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று யாருக்கும் தெரிவதில்லை. ஆயத்தம் வடமொழி வழி வந்ததாயிற்றே என்பார்கள். இருக்கட்டும், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஆயத்தமானவர்கள்தானே நாம். 'ஆரஞ்சு' மட்டும் என்ன, அந்தச் சொல்லின் வேர் நம் பக்கத்து நார்த்தங்காய்க் குடும்பத்திலிருந்து கிளம்பி, அரபு நாடு, ஐரோப்பா எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. செம்மஞ்சள் என்றும் எழுதலாம், ஆனால் மஞ்சளோடு குழம்பும். இது ஒன்றில் ஆரஞ்சே இருக்கட்டும்.

இதை எப்படிச் சொல்வது என்பதும் மாறிவிட்டது. முன்பு மேட்டூரில் தண்ணீர் திறந்தால் ஆற்றோர ஊர்களில் தண்டோரா போடுவார்கள். அதை நிறுத்தி ஒலிபெருக்கி வைக்கச் சொல்லி 2022-இல் அரசு சொன்னது, ஒரு மனிதரைத் தெருத்தெருவாகப் பறையடித்து நடக்கவைப்பது தேவையில்லை என்று. நல்ல முடிவு. இப்போது போன் கதறுகிறது. ஏதாவது ஆனால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

நேற்று மாலை மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது அண்ணன் மகனும் கூட வந்தான். இந்தக் கதையெல்லாம் அவனிடம் சொல்லி, ஒரு சோதனைக்காக, "இன்னைக்கு என்ன நிறம்டா?" என்றேன். போனைத் தேடுவான் என்று பார்த்தேன். அவன் வடக்கே திரும்பி, கைப்பிடிச் சுவரில் எக்கி நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மலையே தெரியலை சித்தப்பா."

துணியை வாரிக்கொண்டு கீழே இறங்கினோம்.