ஊரில் அரசுக் கட்டடம் எழும்பினால் நீங்கள் கேட்டுப் பார்க்கக்கூடியவை

அங்கன்வாடியோ, ஆஸ்பத்திரிக்குப் புது வார்டோ, ஊருக்குள் அரசுக் கட்டடம் எழும்பினால் முதலில் விசாரிக்க வேண்டியது அதைக் கட்டுவது யார் என்பதை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி, தாலுகா அலுவலகம் போன்றவை பொதுவாகப் பொதுப்பணித் துறை கையில் இருக்கும். ஒன்றியத் தொடக்கப்பள்ளி, அங்கன்வாடி என்றால் ஊராட்சி ஒன்றியப் பொறியாளரைக் கேட்க வேண்டும். அலுவலகம் மாறி மனு கொடுத்தால் அது மேசை மேசையாக நகர்ந்தே மாதம் ஓடிவிடும்.

சில விலக்குகள் தவிர, வேலையைக் கான்ட்ராக்டரிடம் விடுவது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படிதான் நடக்க வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு டெண்டர் போடக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேற்பட்ட வேலைக்கு 30 நாள். அவகாசத்தைக் குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அந்தக் காரணம் எழுதிய தாளைக் கேட்டுப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

டெண்டரைப் பற்றி ஊரே பேசும். படிக்குப் பதில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தைப் (ரேம்ப்) பற்றி யாரும் பேசுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 44-ஆம் பிரிவுப்படி, மாற்றுத்திறனாளிகள் புழங்க வசதியில்லாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது. கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்று கிடையாது. பழைய பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்கத் தந்த ஐந்தாண்டுக் கெடுவும் 2022-லேயே முடிந்துவிட்டது.

சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12. அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் பேஸ்மென்ட்டைத் தூக்கிக் கட்டுவது வழக்கம். 15 சென்டிமீட்டரில் நான்கு படி என்றாலே 60 சென்டிமீட்டர் உயரம், அதற்கு 7.2 மீட்டர் சாய்தளம் தேவை, ஏறக்குறைய 24 அடி. வாசலில் அவ்வளவு இடம் விடாமல் வரைபடம் போட்டுவிட்டு, கடைசியில் படியோரமாக ஆறடிக்குச் சிமென்ட் சறுக்கு ஒன்றைப் பூசிவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் அதில் தனியாக ஏறவே முடியாது, பின்னால் ஆள் பிடித்துத் தள்ள வேண்டும். கைப்பிடி இருக்கிறதா, கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையுமா என்பதையும் பாருங்கள்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து, சன்ஷேடு அடியில் பொரிந்து விழும். அதற்காகவே கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 இந்தியத் தரநிலை கடலோரக் கட்டடங்களுக்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. கான்கிரீட் போடும் முன்பு அந்த இடைவெளிக்காகக் கம்பிக்குக் கீழே கவர் பிளாக் என்ற சின்னக் கட்டை வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருந்தால், சரி, உடனே போட்டோ எடுத்து வையுங்கள்.

தனியார் பள்ளிக்கு வேறு வழி. 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தாரிடம் உரிமம் வாங்க வேண்டும். உறுதித்தன்மைச் சான்றும் காட்ட வேண்டும். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்த பிறகுதான் இந்தத் தாள்களைப் பெற்றோரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

இதையெல்லாம் கேட்கக் கையில் இருப்பது தகவல் உரிமைச் சட்டம். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். ‘மதிப்பீட்டு நகல், ஒப்பந்த நகல், எம்-புக் நகல்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். செய்த வேலையின் அளவை எழுதி அதன்படி பில் போடுவது எம்-புக்கில்தான். இந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும்கூட உரிமை தருகிறது. பதில் வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். சாய்தளம் சம்பந்தமான புகாரைத் திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.