ஆர்ட்டிகிள்: மூட்டிலிருந்து முளைத்த சொல்

முட்டிவலிக்குப் போனால் டாக்டர் சொல்லும் 'ஆர்த்ரைட்டிஸ்', ஆங்கில வகுப்பில் படித்த 'ஆர்ட்டிகிள்' (ஏ, ஆன், தி), இரண்டும் உறவுக்காரச் சொற்கள். கிரேக்கத்தில் 'ஆர்த்ரான்' என்றால் மூட்டு. பெயர்ச்சொல்லோடு ஒட்டி வரும் சின்னச் சொல்லுக்குக் கிரேக்க இலக்கணக்காரர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். ரோமானியர் அதை 'ஆர்ட்டிகுலஸ்', அதாவது சிறு மூட்டு, என்று பெயர்த்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. எங்கள் மொழிக்கு அது வேண்டியதில்லை என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் எழுதிவிட்டார்.

தமிழும் அந்தக் கட்சிதான். ஆனால் வேலை நிற்கவில்லை. "ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு..." என்கிறோமே, முதலில் 'ஒரு', அப்புறம் 'அந்த'. ஆங்கிலத்திலும் இதே வழிதான்: 'ஆன்' பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்ற எண்; 'தி' ஒரு சுட்டுச்சொல். 'ஆன்'தான் மூத்தது. மெய்யொலிக்கு முன்னால் னகரம் தேய்ந்து 'ஏ' ஆயிற்று. நம்முடைய ஓர் ஊர், ஒரு வீடு மாதிரி. (எந்தப் பாட்டியும் "ஓர் ஊரில்" என்று கதை தொடங்கியதில்லை, அது வேறு விஷயம்.)

இந்த னகரம் செய்த சேட்டை கொஞ்சமல்ல. சமையலறையில் கட்டும் ஏப்ரன் முதலில் 'நேப்ரன்'. 'ஏ நேப்ரன்' என்று சொன்னதை 'ஆன் ஏப்ரன்' என்று காது பிரித்துவிட்டது. குளத்தில் வாழும், பல்லி போன்ற 'நியூட்'டுக்கு நடந்தது நேர்மாறு: 'ஆன்' தன் னகரத்தை அதற்குத் தானமாகக் கொடுத்துவிட்டது.

சரி, ஆர்ட்டிகிளைத் தமிழில் என்ன சொல்வது? 'அட்ஜெக்டிவ்' லத்தீனில் 'கூடச் சேர்த்தது' என்ற பொருளில் பிறந்தது. அதற்குப் 'பெயரடை' கச்சிதம். பழைய பள்ளி இலக்கணங்கள் ஆர்ட்டிகிளையும் அதற்குள்ளேயே அடக்கின. ஆனால் 'சிவப்பு' என்பது பை எப்படி இருக்கிறது என்று சொல்லும். 'தி' எந்தப் பை என்பதோடு நின்றுவிடும். 'சுட்டிடைச்சொல்' என்று எழுதுவோர் உண்டு. 'தி'க்குப் பொருந்துகிறது, எதையும் சுட்டாத 'ஏ'க்கு இடிக்கிறது. முன்னதைச் சுட்டடை, பின்னதை எண்ணடை என்று பிரித்துச் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பழைய 'மூட்டு'ப் பொருளின் வாசனை சட்டத் தமிழில்தான் அடிக்கிறது. அரசியலமைப்பில் வரும் ஆர்ட்டிகிளை இலங்கையில் 'உறுப்புரை' என்கிறார்கள்.