பனியன் வடிவத்தில் ஒரு விண்டோ

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் புரொடக்‌ஷன் என்ட்ரி சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். முதலாளிக்கு ஓர் ஆசை. "எல்லாரும் பொட்டி மாதிரியே வெச்சிருக்கறாங்க தம்பி. நமக்குப் பனியன் மாதிரி வெட்டிக் குடுங்க." விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மீடியா பிளேயரில் பச்சை மண்டை ஒன்று திரையில் மிதக்குமே, அதைப் பார்த்தவர். எனக்கும் கை அரித்தது.

வெட்டுவது சுலபம். விண்டோவின் சட்டத்தைக் கழற்றிவிட்டு, வேண்டிய வடிவத்தை ரீஜனாக, அதாவது விண்டோவில் தெரிய வேண்டிய பகுதியின் எல்லையாக வரைந்து, செட்விண்டோரீஜன் என்ற விண்டோஸ் ஃபங்ஷனிடம் கொடுத்தால் போதும். வெளியே உள்ளதை விண்டோஸ் காட்டாது. (கொடுத்த ரீஜனை நாம் அழிக்கக் கூடாது, அது இனி சிஸ்டத்தின் சொத்து.) ஆனால் ஒரு புள்ளி உள்ளே இருக்கும், இல்லாவிட்டால் வெளியே, நடுத்தரம் கிடையாது. வளைவெல்லாம் ரம்பப் பல்லாகிவிடும். டிரான்ஸ்பரன்சி கீயாக, அதாவது திரையில் காட்டாமல் மறைக்க வேண்டிய நிறமாக, ரோஸை வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அந்த ரோஸ் மட்டும் மறைந்தது. ஓரத்தில் படத்தோடு கலந்த அரை ரோஸ் அப்படியே நின்றது. "கழுத்துல ஓவர்லாக் நூலு தெரியுதுங்களே" என்றார் முதலாளி. ரம்பப் பல்லே தேவலை என்று ரீஜனுக்கே திரும்பினேன்.

மூன்றாம் நாள் செக்கிங் செக்‌ஷன் அக்கா போன் செய்தார். "ஏனுங்க தம்பி, இத எப்படிங்க சாத்தறது?"

சட்டத்தோடு மூடும் பட்டனும் போயிருந்தது. விண்டோவை இழுக்க மட்டும் வழி செய்திருந்தேன்: மவுஸ் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் கேட்கும்போது, தலைப்புப் பட்டையில் இருப்பதாகப் பொய் சொல்ல வேண்டும். மூடுவதற்கு ஆல்ட் எஃப்4 இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அந்த அக்கா தினமும் சாயங்காலம் பவர் ஸ்விட்சையே அணைத்திருக்கிறார்.

அடுத்தது புது லேப்டாப், திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங் 125 சதவீதம். எழுத்தும் பெட்டிகளும் பெரிதாயின, ரீஜன் பழைய பிக்சல் கணக்கிலேயே நின்றது. கை ஓரத்தில் இருந்த 'மொத்தம் பீஸ்' பாதி காணோம். எம் சைஸ் மார்க்கரை (துணி வெட்டும் அளவுத் தாளை) விரித்து எக்ஸ்எல் வெட்டின கதை.

நாள் முழுக்க ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யும் திரையை வெட்டாதீர்கள் என்பேன். ஆசை தீர வேண்டுமா, திறக்கும்போது வந்து போகும் படத்தில் காட்டுங்கள். விண்டோஸ் 2000-இல் வந்த லேயர்டு விண்டோவில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக ஒளி ஊடுருவும் அளவு வைக்கலாம். ஓரம் வழவழப்பாக வரும். முதலாளியின் பனியன் இப்போது அங்கேதான், 2 விநாடி. அதன்பின் வருவது பழைய பொட்டிதான்.