மூன்று கொக்கியில் 800 கிலோ

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மதியம். மண்டபத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. சமையல்கட்டில் மட்டும் பாத்திரச் சத்தம். லைட் செட் பையன் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் கேட்கிறான்: "அண்ணே, மேல எவ்வளவு வெயிட் தாங்கும்?"

"ஒரு டன் தாராளமா தாங்கும் தம்பி. போன மாசம் இதைவிடப் பெருசா மாட்டிட்டுப் போனாங்க."

மேனேஜர் பொய் சொல்லவில்லை. ஆனால் பையனுக்கு வேண்டிய விவரம் எதுவும் அந்தப் பதிலில் இல்லை. ஒரு டன்னை எங்கே மாட்டுவது? ஒரே இடத்திலா, பத்து இடத்தில் பிரித்தா? நேராகக் கீழே தொங்குமா, சாய்வாக இழுக்குமா? அசையாமல் நிற்குமா, மோட்டாரில் ஏறி இறங்குமா? பெரிய நாடக அரங்கின் கிரிட்டாக இருந்தாலும், மண்டபத்துத் தகரக் கூரையாக இருந்தாலும், இதெல்லாம் தெரியாதவரை ‘ஒரு டன்’ என்பதற்குப் பொருளே கிடையாது.

கிரிட் என்பது மேடைக்கு மேலே, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், இரும்பு கர்டர்களையும் சேனல்களையும் வரிசையாகப் பரப்பிய தளம். படுதா, விளக்கு, ஸ்பீக்கர், எல்இடி திரை எல்லாம் அதிலிருந்துதான் தொங்கும். இப்போதெல்லாம் பெரும்பாலும் அலுமினியக் குழாய்களை ஏணிபோல் கோத்த ட்ரஸ் ஒன்றைத் தரையில் வைத்தே விளக்குகளை மாட்டி, செயின் மோட்டார் போட்டு மேலே ஏற்றிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு ட்ரஸ்ஸை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், மீட்டருக்கு 8 கிலோ. ஆக 96 கிலோ. அதில் வரிசையாக 20 மூவிங் ஹெட் (தலையைத் திருப்பும் விளக்கு), ஒவ்வொன்றும் 28 கிலோ, ஆக 560. கிளாம்ப்பும் சேஃப்டி கம்பியும் விளக்குக்கு 2 கிலோ வீதம் 40. பின்னால் தொங்கும் கறுப்புத் துணி 40. கேபிள் 64. கேபிளைத்தான் முக்கால்வாசிப் பேர் கணக்கில் விட்டுவிடுவார்கள். சுருட்டித் தூக்கியவனுக்குத்தான் அதன் எடை தெரியும். மொத்தம் 800 கிலோ.

இதை மூன்று மோட்டாரில் தூக்கப்போகிறோம்: இரண்டு முனையில் இரண்டு, நடுவில் ஒன்று. எந்த மோட்டாரில் எவ்வளவு பளு?

800-ஐ மூன்றால் வகுத்து ஆளுக்கு 267 என்பது முதல் பதில். அரை டன் மோட்டார் மூன்று எடுத்தால் தாராளம் என்று தோன்றும். கொஞ்சம் யோசிப்பவர், நடு மோட்டார் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது என்று 200, 400, 200 எனப் பிரிப்பார். இரண்டுமே தப்பு. சரியான விடை 150, 500, 150. நடு மோட்டார் ஏற்கெனவே அதன் எல்லையைத் தொட்டுவிட்டது.

அது எப்படி? நடு மோட்டாரைக் கழற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முனைகளில் மட்டும் தொங்கும் ட்ரஸ் நடுவில் தொய்யும். ஒரே எடையை நீளம் முழுக்கப் பரப்பினால் வரும் தொய்வைவிட, அதை நடுவில் ஒரே இடத்தில் தொங்கவிட்டால் வரும் தொய்வு 1.6 மடங்கு அதிகம். உத்தரக் கணக்கின் பாலபாடம் இது. திருப்பிச் சொன்னால், பரப்பிய 800 கிலோ ஏற்படுத்திய தொய்வை நடுவில் பிடித்துத் தூக்கி மட்டமாக்க 800 ÷ 1.6, அதாவது 500 கிலோ விசை வேண்டும். அதைக் கொடுப்பது நடு மோட்டார். மீதி 300 இரு முனைக்கும் பாதிப்பாதி. ட்ரஸ் நடுவில் கீல் வைத்த இரண்டு துண்டாக இருந்திருந்தால் 200, 400, 200 சரி. ஒரே விறைப்பான துண்டாக இருப்பதால்தான் நடுவில் இத்தனை சுமை.

மட்டமாக இருந்தால்தான் இந்த 500-ம். விழுந்த தென்னை மரத்தை மூன்று பேர் தோளில் தூக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். நடு ஆள் குள்ளமாக இருந்தால் கையை வீசிக்கொண்டு சும்மா நடப்பார். உயரமாக இருந்தால் மரமே அவர் தலையில். ட்ரஸ்ஸிலும் அதேதான். மூன்று மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பி ஒரே வேகத்தில் ஏறும் என்பது காகிதத்தில் மட்டும் உண்மை. நடு மோட்டார் சில சென்டிமீட்டர் பின்தங்கினால் அதன் சங்கிலி தளர்ந்து, முனைகளில் ஆளுக்கு 400 வரை போகலாம். முந்திவிட்டால் முனைகள் தளர்ந்து 800 கிலோவும் நடுவுக்கே வந்துவிடலாம். ட்ரஸ்ஸின் கதி இன்னும் மோசம். மட்டமாக இருக்கும்போது அதை வளைக்கப் பார்க்கும் திருப்பு விசையின் உச்சம் 300 கிலோ-மீட்டர் (எடையைத் தூரத்தால் பெருக்கி வரும் அளவு). இந்த இரண்டு கோடிகளில் எதில் போய் நின்றாலும் 1,200. நான்கு மடங்கு. ஒன்றில் வயிறு தொங்குகிறது, இன்னொன்றில் கூன் விழுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு கொக்கியில் தொங்கும் பொருளுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். மூன்றாவது கொக்கி வந்தவுடன் எடை மட்டும் தெரிந்தால் போதாது, விறைப்பும் மட்டமும் தெரிய வேண்டும். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று கூடுதலாக ஒரு மோட்டார் போடுபவர்கள் இதை யோசித்தால் நல்லது. அதனால்தான் பெரிய அரங்குகளில் மோட்டாருக்கும் ட்ரஸ்ஸுக்கும் நடுவே லோட் செல் என்ற எடைமானியைச் செருகுகிறார்கள். 500 இருக்க வேண்டிய இடத்தில் 610 காட்டினால், நடு மோட்டாரை ஒரு தட்டு தட்டிக் கொஞ்சம் இறக்க வேண்டியதுதான்.

அப்புறம், மோட்டாருக்கும் எடை உண்டு. மேடை வேலையில் செயின் மோட்டாரைத் தலைகீழாகப் போடுவது வழக்கம். சங்கிலியின் கொக்கி மேலே கூரையில் இருக்கும், மோட்டார் தன் சங்கிலியைத் தானே பிடித்து ஏறும். ஆகவே அதன் எடையும் கூரைக்குத்தான். மோட்டார், சங்கிலி எல்லாம் சேர்த்து 60 கிலோ என்று வைத்தால், நடுக் கொக்கியில் கூரைக்குத் தெரிவது 560.

சரி, அந்த 560 கிலோ நேராக ஒரு கர்டருக்குக் கீழே வந்து நின்றால் கவலை இல்லை. வருமா? கட்டடம் கட்டியவர் நம் ட்ரஸ்ஸை மனதில் வைத்துக் கர்டர் போடவில்லை. நமக்கு வேண்டிய இடம் இரண்டு கர்டருக்கு நடுவில் அந்தரத்தில் இருக்கும். அப்போது இரண்டு கர்டரிலிருந்தும் கம்பிக் கயிறு இறக்கி, ‘வி’ வடிவத்தில் சேர்த்து, அதன் நுனியில் கொக்கியை மாட்டுவார்கள். இதற்குப் பிரைடில் என்று பெயர்.

இங்கேதான் கொடிக்கயிற்றின் கதை வருகிறது. நான்கு மீட்டர் கொடியை விறைப்பாகக் கட்டி, அதன் நடுவில் 2 கிலோ ஈரத் துணியைப் போடுங்கள். கயிறு 10 சென்டிமீட்டர்தான் தொய்கிறது என்றால், கயிற்றில் ஓடும் இழுவிசை 20 கிலோ. துணியைப்போல் பத்து மடங்கு. ஆணி பிடுங்கிக்கொண்டு வருவது துணியின் எடையால் அல்ல, நாம் கொடியை இழுத்துக் கட்டிய அழகால்.

நம் கர்டர்களுக்கு இடையே 6 மீட்டர் என்று வையுங்கள். வி-யின் ஆழம் 3 மீட்டர் இருந்தால் ஒவ்வொரு கயிற்றிலும் 396 கிலோ. கூரை தாழ்வு, இடமில்லை என்று ஆழத்தை 1 மீட்டராகக் குறைத்தால் 885. அரை மீட்டர் ஆக்கினால் 1,703. தொங்குவது அதே 560 கிலோதான்! இரண்டு கயிற்றுக்கும் இடையே உள்ள கோணம் 120 பாகை ஆகும்போது ஒவ்வொரு கயிறும் முழு எடையையும் சுமக்கிறது; அதற்கு மேல் விரித்தால் எடையைவிட அதிகம்.

கயிறு அறுவதைவிட எனக்குப் பயம் கர்டரை நினைத்துத்தான். எவ்வளவு விரித்தாலும் ஒவ்வொரு கர்டருக்கும் கீழ்நோக்கிப் போவது 280 கிலோ மட்டுமே. பக்கவாட்டில் இழுப்பதுதான் ஏறுகிறது: 3 மீட்டர் ஆழத்தில் 280, 1 மீட்டரில் 840, அரை மீட்டரில் 1,680. ‘ஐ’ வடிவக் கர்டரை நிமிர்த்தி வைத்திருப்பதே மேலிருந்து வரும் சுமையைத் தாங்க. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஐஎஸ்எம்பி 300 என்ற 300 மில்லிமீட்டர் உயரக் கர்டரைப் பக்கவாட்டில் வளைத்தால், நேராக வளைப்பதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு வலுதான் காட்டும். மேனேஜர் சொன்ன ஒரு டன்னில் இந்தப் பக்கவாட்டு இழுப்பு எங்கே இருக்கிறது?

கப்பி போட்டால் இன்னொரு கூத்து. கிணற்றில் 15 கிலோ வாளியை இறைக்கும்போது ராட்டினம் தொங்கும் சட்டத்தில் 30 கிலோ. வாளி ஒரு பக்கம் இழுக்கிறது, நீங்கள் மறுபக்கம் இழுக்கிறீர்கள். எதிரெடை போட்டுப் படுதா ஏற்றும் பழைய முறை அரங்குகளில் கயிறு கிரிட் கப்பியில் ஏறிப் படுக்கைவாக்கில் திரும்பி ஓடுவதால், கப்பிக்கு 1.41 மடங்கு, அதுவும் சாய்வாக.

இதுவரை எல்லாம் அசையாத எடை. மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு குலுக்கல் இருக்கிறதே, அதற்கு 20 சதவீதம் சேர்த்தாலும் நடு மோட்டாரின் 500 என்பது 600 ஆகி, அரை டன் மோட்டாரைத் தாண்டிவிடுகிறது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் விழுவது.

விளக்குக்குச் சேஃப்டி கம்பி போடுவார்கள். கிளாம்ப் விட்டுப்போனால் அது பிடித்துக்கொள்ள வேண்டும். 28 கிலோ விளக்கை மெதுவாகத் தொங்கவிட்டால் கம்பியும் குழாயும் சேர்ந்து 5 மில்லிமீட்டர் கொடுக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கம்பியில் தொய்வே இல்லாமல் இருந்து, கிளாம்ப் திடீரென்று விட்டால் கம்பிக்கு வரும் அடி இரண்டு மடங்கு, 56 கிலோ. 2 சென்டிமீட்டர் விழுந்து பிடித்தால் நான்கு மடங்கு, 112. கம்பியை லொடலொடவென்று விட்டு 20 சென்டிமீட்டர் விழவிட்டால் பத்து மடங்கு: 280 கிலோ. மூத்த லைட்மேன்கள் சேஃப்டி கம்பியை ஒரு சுற்று அதிகம் சுற்றிக் குட்டையாக்குவதைப் பார்த்திருக்கிறேன். சூத்திரம் கேட்டால் தெரியாது என்பார்கள், கைக்குத் தெரிந்திருக்கிறது.

இப்படி ஒவ்வொன்றாக ஏறும் என்பதற்காகத்தான் ஷேக்கிள் (இணைக்கும் இரும்பு வளையம்), ஸ்லிங் (சுற்றி மாட்டும் பட்டை) எல்லாவற்றிலும் அச்சிட்ட எண், உடையும் எடையைவிட மிகக் குறைவாக இருக்கிறது. பாலியெஸ்டர் ஸ்லிங்குக்கு ஐரோப்பிய விதி ஏழு மடங்கு: ஊதா ஸ்லிங் 1 டன், பச்சை 2, மஞ்சள் 3 என்றால், ஊதா அறுந்துபோக 7 டன்னாவது வேண்டும். "ஏழு மடங்கு இருக்குல்ல, ரெண்டு டன் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அந்த ஏழு நமக்கு விட்டுவைத்த சேமிப்பு அல்ல. சுருக்குப் போட்டு மாட்டினால் அதில் ஒரு பங்கு போய்விடும், கூர்மையான விளிம்பில் உரசினால் ஒரு பங்கு, வருஷக்கணக்கான வெயிலில் ஒரு பங்கு. போதாததற்குப் பாலியெஸ்டர் 260 பாகை செல்சியஸ் பக்கத்தில் உருகியே போகும். பழைய ஹாலஜன் விளக்குக்கு அருகே அது வெறும் துணி.

மேலும், ஒரு பொருளில் எழுதிய எண், அதை மாட்டச் சொன்ன விதத்தில் மாட்டினால் மட்டுமே செல்லும். 2014 மே 4 அன்று அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸில், கூந்தலால் தொங்கியபடி வித்தை காட்டிய எட்டுப் பெண்கள் சட்டத்தோடு கீழே விழுந்தார்கள். உடைந்தது கைக்குள் அடங்கும் ஒரு கராபினர் வளையம். அது மேலொன்று கீழொன்று என இரு முனையில் இழுபடச் செய்யப்பட்டது. அதில் மூன்று திசை இழுப்பு வரும்படி மாட்டியிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. கம்பி, கர்டர், சட்டம் எல்லாம் சரி. சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி போதும்.

கடைசியாகக் கட்டடம். தகரக் கூரைகளை வடிவமைக்கும்போது, பராமரிப்புக்கு ஆள் ஏறுவது போன்றவற்றுக்காக இந்திய விதிப்படி சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன், சுமார் 75 கிலோ, கணக்கில் எடுப்பார்கள். காற்றுக்குத் தனிக் கணக்கு. 20-க்கு 15 மீட்டர் மண்டபம் என்றால் 22 டன்னுக்கு மேல் வரும். மேனேஜர் ஒரு டன் என்று சொன்னது அடக்கம்தான் என்று தோன்றும். ஆனால் அது கூரை முழுக்க மழைத்துளிபோல் பரவி விழும் 22 டன். கூரைச் சட்டகத்தில் முக்கோணம் முக்கோணமாகக் கோத்த ஆங்கிள்கள் நீளவாக்கில் இழுபடவும் அமுங்கவும் போட்டவை. மூட்டில் தொங்கவிட்டால் சுமை ஆங்கிள்களின் வழியே பிரிந்து ஓடும். இரண்டு மூட்டுக்கு நடுவில் ஸ்லிங் போட்டால் ஆங்கிள் வளையும், அந்த வேலைக்கு அது பிறக்கவில்லை. தகரத்தைத் தாங்கும் பர்லினில் மாட்டுபவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எந்த மூட்டில் எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். அவருக்கு வேண்டியது கட்டடத்தின் வரைபடம். பையன் அதைக் கேட்டால் மேனேஜர் அலுவலக பீரோவைத் திறப்பார். மின்சார ரசீது இருக்கும், பந்தல் கான்ட்ராக்டரின் விசிட்டிங் கார்டு இருக்கும். வரைபடம் இருக்காது.

அப்படிப்பட்ட மண்டபத்தில் கூரையைத் தொடாமல், மேடையைச் சுற்றி நான்கு டவர்களை நிறுத்தி, ட்ரஸ்ஸைத் தரையிலிருந்தே தூக்கிவிடுவதுதான் ஒரே வழி. உள்ளரங்கம் என்பதால் காற்றுத் தொல்லை இல்லை. திறந்தவெளி என்றால் அது வேறு கதை. 2011 ஆகஸ்ட் 13 அன்று இண்டியானா மாநிலக் கண்காட்சியில் சூறைக்காற்றில் மேடைக் கூரை சாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், பக்கவாட்டில் இழுத்துப் பிடித்த கட்டுகள் போதவில்லை. மண்டபத்துக்குள் டவர் நிறுத்துவதால் வரும் சங்கடம் வேறு மாதிரி. வாடகை கூடும், முன்வரிசையில் நாலு நாற்காலி போகும், ஃபிரேமில் கம்பம் விழுகிறது என்று வீடியோக்காரர் தாலி கட்டும்வரை முனகிக்கொண்டிருப்பார்.